அச்சை எடு, குச்சியைப் போடு

நத்தைக்காரியின் ஏழு வருட உழைப்பு ஒரே ஒரு வரியில் வந்து சிக்கிக்கொண்டது. ஆராய்ச்சி இதழிலிருந்து வந்த கடிதத்தில் ஒன்பதாவது பத்தியின் மூன்றாவது வரி அது. "படத்தில் உள்ள அச்சுகள் கண்ணை உறுத்துகின்றன. அவற்றை நீக்கிவிட்டு அளவுக்கோடு இடவும்." மற்றபடி கட்டுரை பிரமாதம், ஏற்றுக்கொள்ளத் தயார் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருத்திய படம் வந்து சேர வேண்டும். தவறினால் கட்டுரை புதிதாக வந்ததாகக் கருதப்பட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அந்த வரிசையின் கடைசியைப் பார்த்துவிட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தவர் யாரும் இதுவரை இல்லை.

ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நத்தையின் நரம்புக்குள் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை நுழைத்து, உள்ளே ஓடும் மின்துடிப்பை அளக்கிறவள், ஆகவே நத்தைக்காரி. ஏழு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் நத்தைகளோடு பழகியிருக்கிறாள். மனிதர்களோடு ஒப்பிட்டால் அவை எவ்வளவோ தேவலை, குறுக்கே பேசாது என்பது அவள் கட்சி. இந்தக் கட்டுரை வெளியானால்தான் டாக்டர் பட்டம். பல்கலைக்கழகம் ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டித் தந்திருந்தது. மூன்றாவது முறை கேட்டபோது குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தாமல் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அவள் கண்டுபிடித்ததைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஒரு மருந்தை நத்தைக்குச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போனால், தொண்ணூறு மில்லிவோல்ட் உயரம் துள்ளிய துடிப்பு படிப்படியாகச் சிறுத்து முப்பதில் வந்து நிற்கும். பன்னிரண்டு அளவு மருந்து, படத்தில் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஓர் அலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடப்பக்கம் மில்லிவோல்ட் எண்கள் எழுதிய நெட்டு அச்சு ஒன்று, கீழே நேரம் எழுதிய படுக்கை அச்சு ஒன்று. ஆக இருபத்து நான்கு அச்சுகள், நூற்றுச் சொச்சம் எண்கள். பன்னிரண்டு ஜன்னலுக்கும் கம்பி போட்ட சிறைச்சாலை மாதிரிதான் இருந்தது, அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

அளவுக்கோடு என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஊர்ப் படத்தின் மூலையில் சின்னதாக ஒரு கோடு போட்டு, இது ஒரு கிலோமீட்டர் என்று எழுதியிருப்பார்களே, அதே சமாச்சாரம். இங்கே நிற்கிற கோடு இருபது மில்லிவோல்ட், படுத்திருக்கிற கோடு ஐந்து மில்லி நொடி. இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு ஆங்கில எல் எழுத்துப் போல நிற்கும். ஆய்வுக்கூடத்துப் பேச்சில் அதற்குப் பெயர் குச்சி.

"அரை நாள் வேலை சார்," என்று திங்கட்கிழமை காலையில் அவள் வாயைக் கொடுத்தாள். கணிப்பொறி முன்னால் உட்கார்ந்துகொண்டு அரை நாள் வேலை என்று சொன்னவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றி வரலாம்.

"அரை நாளோ ஒரு நாளோ, படம் பளிச்சுன்னு இருக்கணும்மா," என்றார் பேராசிரியர்.

அவருக்குப் பெயரே பளிச் சார். விடுப்புக் கடிதத்தைக்கூட ஓரம் வெட்டி, நடுவில் வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். சட்டைப் பையில் மூன்று பேனா இருந்தால் மூன்றின் தொப்பியும் ஒரே மட்டத்தில் இருக்கும். கட்டுரைக்குப் பொறுப்பு அவர். இதழின் வலைத்தளத்தில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தும் உரிமை அவருடைய கடவுச்சொல்லுக்கு மட்டும்தான் உண்டு. பளிச்சென்று இல்லாத ஒன்றை அந்த விரல் அழுத்தியதாகச் சரித்திரமே இல்லை.

அச்சை எடுப்பது சுலபமாகத்தான் இருந்தது. படம் வரையும் கணிப்பொறி நிரலில் ஒரே வரி. அச்சு வேண்டாம் என்று எழுதி ஓடவிட்டாள். இருபத்து நான்கும் மாயமாய்ப் போயின. அலைகள் பன்னிரண்டும் பிடிமானம் இல்லாமல் வெள்ளைத் தாளில் மிதந்தன. அடுத்தது குச்சி. இருபது உயரத்துக்கு ஒரு நெட்டுக் கோடு போடு என்று எழுதினாள். ஓடவிட்டாள். படம் வந்தது. படத்தின் அடியிலிருந்து உச்சி வரை ஒரு கம்பம் நின்றது. நத்தையின் அலையைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினால், கம்பத்தின் காலடியில் ஒரு தட்டைக் கோடு. பன்னிரண்டு நத்தைகளும் ஒரே நேரத்தில் செத்துப்போனதுபோல் கிடந்தன.

ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. அளவுக் கருவி எண்களைச் சேமித்துவைத்திருந்தது வோல்ட்டில். அவள் கேட்டது இருபது. மில்லி என்பதை யார் சொல்வது? கணிப்பொறி மிகுந்த கீழ்ப்படிதலோடு இருபது வோல்ட் குச்சியை நட்டுவிட்டது. அவ்வளவு மின்சாரம் உண்மையிலேயே உள்ள நத்தை இருந்தால் அதைக் கொல்லையில் கட்டிவைத்துத் தெருவிளக்கு எரிக்கலாம்.

ஆயிரத்தால் வகுத்தாள். கம்பம் சுருங்கி அடங்கியது. ஆனால் '20' என்கிற எழுத்து போய் அலையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கி இடப்பக்கம் வைத்தால் அடுத்த கட்டத்துக்குள் தலையை நீட்டியது. வலப்பக்கம் வைத்தால் தாளுக்கு வெளியே போய்விட்டது. ஐந்தாவது கட்டத்தில் காலி மூலை மேலே, ஒன்பதாவதில் கீழே. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மூலை காலி என்று தேடிப் பார்த்துக் குச்சியை அங்கே நட்டுவர நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் செவ்வாய்க்கிழமை முழுக்கப் போயிற்று. எழுபத்திரண்டு முறை ஓடவிட்டாள். நடுவில் ஒருமுறை பன்னிரண்டு குச்சிகளும் ஏதோ கோபத்தில் ஒரே கட்டத்துக்குள் போய்க் குவிந்து முள்ளம்பன்றியாய் நின்றன.

புதன்கிழமை மதியம் படம் சரியாக வந்தது. அலைகளின் வடிவம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டையும் ஒரே உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தாள். மருந்து ஏற ஏற அலையை அதிகமாகப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அதோடு சேர்ந்து குச்சியும் நீண்டது. முதல் கட்டத்தில் இருபது மில்லிவோல்ட் குச்சி பத்து மில்லிமீட்டர். கடைசிக் கட்டத்தில் அதே இருபதுக்கு முப்பது மில்லிமீட்டர். குச்சி நீண்டால் துடிப்பு சிறுத்தது என்று பொருள். அச்சும் இல்லை, எண்ணும் இல்லை. அவளுடைய கண்டுபிடிப்பு முழுவதும் இப்போது அந்தக் குச்சிகளின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது.

பளிச் சார் படத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

"ஏம்மா, குச்சியெல்லாம் குட்டையும் நெட்டையுமா இருக்கே."

"அப்படித்தான் சார் இருக்கணும். ஒவ்வொரு கட்டத்தையும் வேற வேற அளவுக்குப் பெருசாக்கியிருக்கோம்ல."

"பெருசாக்கினா என்ன? இருபதுன்னா இருபதுதானே. எல்லாத்திலயும் இருபதுன்னு எழுதியிருக்க, ஆனா ஒண்ணு விரல் நகம் அளவு, ஒண்ணு விரல் நீளம். பாக்கறவன் சிரிக்க மாட்டானா?"

"அதுல எழுதியிருக்கிறது வோல்ட்டு சார், சென்டிமீட்டர் இல்ல."

"எனக்குத் தெரியாதாம்மா," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு. "உன் ப்ரோக்ராம்ல ஏதோ கோளாறு. விடு. நம்மகிட்டதான் குச்சி இருக்கே."

அவர் கணிப்பொறியில் ஒரு கோப்பைத் திறந்தார். பெயர் 'குச்சி-நல்லது'. உள்ளே வெள்ளைத் தாளின் நடுவில் அழகான எல் ஒன்று நின்றது. சரியான தடிமன், சுத்தமான முனை, பக்கத்தில் கச்சிதமாக '20'. பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த ஆய்வுக்கூடத்தில் படித்துவிட்டுப் போன ஒரு மாணவன் கையால் வரைந்தது. அவன் இப்போது வெளிநாட்டில் பெரிய ஆள். அன்றிலிருந்து அங்கே வெளிவந்த எல்லாப் படத்திலும் அந்தக் குச்சியைத்தான் வெட்டி ஒட்டுகிறார்கள் என்பது நத்தைக்காரிக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"சார், அது வேற படத்துக்குப் போட்ட குச்சி."

"குச்சி குச்சிதாம்மா."

பன்னிரண்டு கட்டத்திலும் அவள் போட்ட குச்சியின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை இழுத்து மூடினார். அதன்மேல் அந்த எல் குச்சியைப் பன்னிரண்டு முறை ஒட்டினார். எல்லாம் அவளுடைய முதல் குச்சியின் அதே உயரம், ஒரே இடம், ராணுவ அணிவகுப்பு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இப்ப பாரு, பளிச்சுன்னு இருக்கு," என்றார்.

இருந்தது. அந்தப் படம் சொன்ன கதைப்படி மருந்து எவ்வளவு ஊற்றினாலும் நத்தைக்கு ஒரு மயிரிழைகூட மாற்றம் இல்லை. பன்னிரண்டு கட்டத்திலும் தொண்ணூறு மில்லிவோல்ட், ஜம்மென்று. ஏழு வருடம், ஆயிரம் நத்தை, மருந்து வேலை செய்யவில்லை.

வாதாடினாள். அவருக்குச் சொல்லிச் சொல்லி அவள் வாய் வறண்டது. கேட்டுக் கேட்டு அவர் முகம் இன்னும் கனிவானது. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். கணவர் கப்பலில் இயந்திரப் பொறியாளர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் கட்டில். ஆகவே அவள் பொருமலைக் கேட்க வீட்டில் இருந்தது நாத்தனார் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஜனங்களின் நெஞ்சில் கம்பி ஒட்டி, கட்டம் போட்ட தாள் பட்டையில் அலையை எடுப்பவள். சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி இந்த லட்சணத்துல இருக்கு? நத்தை கடிச்சிடுச்சா?"

"நத்தை கடிச்சா நல்லா இருந்திருக்கும். நீ வெங்காயத்தைப் பாரு."

"வெங்காயத்தைப் பாத்து நான் அழுவுறேன், உங்களுக்கு என்ன?"

நத்தைக்காரி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அச்சு, வோல்ட், முள்ளம்பன்றி, வெள்ளைப் பெட்டி, பதினோரு வருடத்துக் குச்சி. நாத்தனார் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் வெள்ளைப் பெட்டி வந்தபோது கத்தி அப்படியே நின்றது.

"இருங்க. ஒரு படத்துலேந்து குச்சிய வெட்டி இன்னொரு படத்துல ஒட்டறாரா?"

"பதினோரு வருஷமா."

"எங்க ஆஸ்பத்திரில அப்படி ஒட்டினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்க பட்டையில முதல்ல ஒரு சின்னப் பெட்டி மாதிரி வரும், பாத்திருக்கீங்கல்ல? அது ஒரு மில்லிவோல்ட்டு. மெஷினே தனக்குத்தானே குடுத்துக்கும். அலை போற அதே பேனாவுலதான் அதுவும் போகும். நீங்க அத பெருசாக்குங்க, சின்னதாக்குங்க, ஃபேக்ஸ் பண்ணுங்க, பெட்டியும் கூடவே பெருசாகும், சின்னதாகும். பெட்டி சின்னதா இருந்தா மெஷின் பாதி அளவுல ஓடியிருக்குன்னு டாக்டருக்குத் தெரியும். அதுக்குத்தான் அந்தப் பெட்டியே. எல்லாப் பட்டையிலயும் பெட்டி ஒரே அழகா இருக்கணும்னு எவனாவது சொன்னான்னா, அவன் நெஞ்சுல மொதல்ல கம்பிய ஒட்டிப் பாக்கணும்."

"அதையேதான்டி நான் மூணு மணி நேரமா சொன்னேன்."

"நீங்க இங்கிலீஷ்ல சொல்லியிருப்பீங்க."

"தமிழ்லதான் சொன்னேன். அவருக்கு எதுவும் ஏறல. வோல்ட்டுன்னா அவருக்குக் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம், தெரியாததுக்கு அளவு எப்படி இருந்தா என்னன்னு இருக்கார்."

"அப்ப தெரிஞ்ச சமாச்சாரத்துல காட்டுங்க," என்று சொல்லிவிட்டு நாத்தனார் வெங்காயத்துக்குத் திரும்பினாள். "அது யாரு, பளிச் சாரா? அவரு ரொம்ப நேரம் எத பாத்துட்டிருப்பாரோ அதுல காட்டுங்க."

வியாழக்கிழமை நத்தைக்காரி கடைசியாக ஒரு முறை நேர்வழியில் முயன்றாள். குச்சியைத் தனியாகப் போடாமல், ஒவ்வொரு அலையின் வால் முனையிலும் அதே மையில், அதே கோட்டில் சேர்த்தே வரையும்படி நிரலை மாற்றினாள். யாரும் பிரித்தெடுக்க முடியாது. பளிச் சார் அலையின் வாலையும் சேர்த்து வெள்ளைப் பெட்டியால் மூடினார். அணிவகுப்பு திரும்ப வந்தது. அவள் வெளியே போய்க் குளிர்பானம் விற்கும் எந்திரத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாள். எந்திரத்தை உதைக்கவில்லை. அந்த வாரம் முழுவதிலும் அவள் செய்த மிகப் பெரிய சாதனை அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணி. பளிச் சார் தன் அறையில் இதழின் வலைத்தளத்தைத் திறந்து, அணிவகுப்புப் படத்தை ஏற்றத் தயாராக இருந்தார். நத்தைக்காரி ஒரு தாளோடு உள்ளே வந்தாள்.

"சார், இதை ஒரு தடவ பாருங்க. அப்புறம் எதை வேணா அனுப்புங்க."

தாளில் இரண்டு கட்டங்கள். இரண்டிலும் ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்தில் அவரே தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கும் பளிச் சாரின் முழு உருவப் படம். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில், பேனாக்கள் மூன்றும் ஒரே மட்டத்தில். முதல் கட்டத்தில் படம் இயல்பாக இருந்தது. காலடியில் அந்தப் புகழ்பெற்ற எல் குச்சி, பக்கத்தில் '20 செ.மீ.'. இரண்டாவது கட்டத்தில் படத்தை மேல்நோக்கி மூன்று மடங்கு இழுத்திருந்தாள். குச்சியை இழுக்கவில்லை, அப்படியே வெட்டி ஒட்டியிருந்தாள்.

பளிச் சார் இரண்டாவது படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒல்லியா நல்லாத்தான் இருக்கேன்," என்றார்.

நத்தைக்காரி கண்களை மூடிப் பத்து வரை எண்ணினாள். பிறகு மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குச்சிய வச்சு அளந்து பாருங்க சார். நீங்க எவ்வளவு உயரம்?"

முதல் கட்டத்தை அளந்தார். குச்சி எட்டே முக்கால் முறை போயிற்று. நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டர். திருப்தியாகத் தலையாட்டினார். இரண்டாவதை அளந்தார். குச்சி போய்க்கொண்டே இருந்தது. முழங்காலைத் தாண்டி, பேனாக்களைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, இருபத்தாறே கால் முறை.

"அஞ்சே கால் மீட்டர்," என்றார்.

"பதினேழு அடி சார்."

"இந்தக் கதவுல நுழைய முடியாது."

"நாலா மடிச்சாத்தான் சார் நுழைவீங்க. ரெண்டாவது படத்துல குச்சியும் மூணு மடங்கு நீளமா இருந்திருந்தா?"

அவர் ஸ்கேலை அணிவகுப்புப் படத்தின் மேல் வைத்தார். முதல் கட்டம், தொண்ணூறு. கடைசிக் கட்டம், தொண்ணூறு. கட்டுரையில் முப்பது என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை அளந்தார். அவருடைய காது மடல்கள் மெல்லச் சிவந்தன.

"மருந்து வேலையே செய்யலம்மா இதுல," என்றார் மெதுவாக.

நத்தைக்காரிக்கு அந்த அறையிலேயே ஆட வேண்டும் போல இருந்தது. மணி நான்கு. இனி வெள்ளைப் பெட்டிகளை நீக்கி, அவளுடைய படத்தை ஏற்றி, பொத்தானை அழுத்த வேண்டியதுதான். ஒரு மணி நேரம் இருக்கிறது. மூன்று நிமிட வேலை.

ஆனால் மனிதர் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். அங்கே அவருடைய பழைய கட்டுரைகளின் படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. ஒன்றைக் கழற்றினார். ஸ்கேலை வைத்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பித் தரையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கழற்றினார். நத்தைக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. நாலு இருபது. அலமாரியைத் திறந்து பழைய இதழ்களை இழுத்துப் போட்டார். நத்தைக்கு முன்னால் அங்கே அட்டைப்பூச்சி ஆராய்ச்சி நடந்தது, அதற்கு முன்னால் தவளை. அத்தனை அட்டைக்கும் அத்தனை தவளைக்கும் ஒரே குச்சி. நாலு நாற்பதுக்கு அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் பதினான்கு படங்கள். சரியாக இருந்தது ஒன்றுதான். பதினோரு வருடத்துக்கு முந்தைய முதல் படம்.

"சார், அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"இத அனுப்ப முடியாதும்மா."

"ஏன் சார்?"

"இதுல குச்சி சரியா இருந்தா, பதிமூணு படத்துலயும் தப்புன்னு எவனாவது பக்கத்துல வச்சுப் பாத்துருவான். மொதல்ல நான் இதையெல்லாம் ஒழுங்கு பண்ணணும். ஒரு ஆறு மாசம் பொறு."

பெரிய ஆபத்து இதுதான். மூன்று நாளாக அவர் நம்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இப்போது அளவுக்கு மீறி நம்பிவிட்டார்.

நத்தைக்காரி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஏழு வருடமாக வராத ஒரு குரல் அவளுக்கு எங்கிருந்தோ வந்தது. நாத்தனாரிடமிருந்து தொற்றிக்கொண்டதாக இருக்கலாம்.

"சார், இத அனுப்பாட்டி அதெல்லாம் சரியாயிடுமா?"

அவர் ஒரு தவளைப் படத்தை எடுத்து அதன் சட்டத்தைத் துடைத்தார்.

"அது நேத்தும் தப்பு, இன்னைக்கும் தப்பு. நான் பட்டம் வாங்கினாலும் தப்பு, வாங்காட்டியும் தப்பு. தவளைக்கு நான் என்ன சார் பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா."

"பழைய பதிவெல்லாம் டிஸ்க்குல இருக்குல்ல?"

"இருக்கு. எல்லாம் பத்திரமா இருக்கு. பேர் போட்டு வச்சிருக்கேன்."

"அப்ப என் ப்ரோக்ராம் பதிமூணையும் வரைஞ்சு குடுக்கும். அச்ச எடுத்து, குச்சி போட்டு, காலி மூலை தேடி, எல்லாம் அதுவே பண்ணும். ஒரு படத்துக்கு ஒரு நாள் வச்சுக்கோங்க. திருத்தம் கேட்டு இதழுங்களுக்கு லெட்டர் நீங்க எழுதுங்க. படம் நான் தரேன். ஆனா பட்டனை இப்ப அமுக்குங்க."

"அரை நாள் போதும்னு சொல்ல மாட்டியா?"

"மாட்டேன் சார். இனிமே வாழ்க்கையில சொல்ல மாட்டேன்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டையைச் சரிசெய்தார். பேனாக்களை மட்டம் பார்த்தார். மணி நாலு ஐம்பத்து இரண்டு. ஒட்டிய குச்சிகளும் வெள்ளைப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. குட்டையும் நெட்டையுமான குச்சிகள் வெளியே வந்து நின்றன. வலைத்தளம் பதினோரு கேள்வி கேட்டது. விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என உறுதி கூறுகிறீர்களா? கூட்டாசிரியர்கள் சம்மதித்தார்களா? பளிச் சார் ஒவ்வொன்றையும் முழுவதும் படித்து, ஒரு விநாடி யோசித்து, சதுரத்துக்குள் சுத்தமாக விழும்படி டிக் போட்டார். நத்தைக்காரி தன் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். இல்லாவிட்டால் அவை தாமாகவே போய் மவுஸைப் பிடுங்கியிருக்கும். ஏழாவது கேள்வியில் அவர் திரும்பி, "இதுல 'படங்கள் உண்மையைத் திரிக்கவில்லை'ன்னு இருக்கு. போடலாமா?" என்று கேட்டார்.

"இந்தப் படத்துக்குப் போடலாம் சார்."

போட்டார். நாலு ஐம்பத்து ஏழு. பொத்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. நத்தை அதைப் பார்த்திருந்தால் பொறுமையிழந்து முந்திக்கொண்டு போயிருக்கும். பாதியில் நின்றது. நத்தைக்காரியின் இதயத்தை அப்போது நாத்தனார் பதிவு எடுத்திருந்தால் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மேசையில் எழுதியிருக்கும். கோடு திரும்ப அசைந்தது. முடிவைத் தொட்டது. "தங்கள் கட்டுரை நான்கு ஐம்பத்தொன்பதுக்குப் பெறப்பட்டது" என்று ஒரு வரி வந்தது.

பிறகு பளிச் சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஓரங்கள் நேராக இருக்கிறதா என்று பார்த்து, மேலே தேதி போட்டார். தவளைப் படம் வெளிவந்த இதழின் ஆசிரியருக்கு. 'அன்புடையீர்' என்று எழுதிவிட்டு நிறுத்தினார்.

"ஏம்மா, 'மிகவும் வருந்துகிறோம்'னு போடறேன். பதிமூணு லெட்டருலயும் அதே அளவு வருத்தம் போதுமா? தவளையில தப்பு ரெண்டு மடங்குதான், அட்டையில அஞ்சு மடங்கு."

நத்தைக்காரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா அளந்து போடுங்க சார்," என்றாள். "தயவு செஞ்சு ஒண்ணுலேந்து வெட்டி ஒட்டாதீங்க."